ஒப்ராத் வீட்டு ஸ்பீக்கர் செத்த கதை

காலைல பத்து மணி இருக்கும். ஒப்ராத் சட்டைப் பாக்கெட்டுலேர்ந்து ரிமோட்டை எடுத்து அமுக்கினாரு.

சவுண்டு சிஸ்டத்தோட ரிசீவர் பெட்டில நீல விளக்கு வந்துச்சு. டிவிக்கு ரெண்டு பக்கமும் காவக்காரங்க மாதிரி நிக்குதே ரெண்டு ஸ்பீக்கர், நெஞ்சு உயரத்துக்கு, அதுலேர்ந்து பாட்டும் வந்துச்சு. ஆனா அது பாட்டா? தும் தும்னு அடி மட்டும் கேக்குது. பாடறவன் கம்பளியைப் போத்திக்கிட்டு பாடற மாதிரி இருக்கு. ட்ரம்பெட்டைக் காணவே காணோம்.

எங்க நிஷ் ஊர்ல ட்ரம்பெட் இல்லாம ஒரு விசேஷமா!

அதுவும் அன்னைக்கு. டிசம்பர் பத்தொம்பது, புனித நிக்கோலஸ் நாள், ஒப்ராத் குடும்பத்து ஸ்லாவா. குடும்பத்தைக் காக்கிற புனிதருக்கு வருஷா வருஷம் வீட்டுல எடுக்கிற விழா. யாரையும் கூப்பிட மாட்டாங்க, தெரிஞ்சவங்க தானா வருவாங்க. வந்தவன் எதிரியாவே இருந்தாலும் வாசல்ல நிக்க வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் அன்னைக்கு முழுக்க உக்காரவும் கூடாது, நின்னுக்கிட்டே எல்லாரையும் கவனிக்கணும்.

ஒப்ராத் பஸ் டிப்போ மேலாளர். வாழ்க்கைல அவர் ஆசைப்பட்டது ரெண்டே விஷயம். ஒண்ணு, எந்த பஸ்ஸும் லேட்டா கிளம்பக் கூடாது. இன்னொண்ணு, வீட்டுல நல்ல சவுண்டு சிஸ்டம் வேணும். ரெண்டாவது இப்பதான் கிடைச்சுது, மூணு வாரம் முன்னாடி. வந்த நாளா யாரையும் தொட விடல, ரிசீவர் பட்டனைக் கூட ரிமோட்டால பூட்டி வச்சிருந்தாரு. ரிமோட் அவர் பாக்கெட்டுலயே டிப்போவுக்குப் போய், அவர் பாக்கெட்டுலயே வீட்டுக்கு வந்துச்சு.

அவர் உடனே கடைக்கு போன் போட்டாரு. "உங்க ஆளு திஹோமிர் என்னை ஏமாத்திட்டான். ஸ்பீக்கர்ல நூறு வாட்டுன்னு போட்டிருக்கு. ரிசீவர்ல நூத்தம்பது. நூறு தாங்கறவன் தலைல நூத்தம்பதை ஏத்தினா சாகாம என்ன பண்ணுவான்?"

கடை முதலாளி அந்தப் பக்கம் திஹோமிரைப் பார்த்தாரு. "சாயங்காலத்துக்குள்ள தப்பு உன்னோடது இல்லன்னு அந்த ஆள் வாயாலயே எனக்கு போன் வரணும். இல்லன்னா திங்கக்கிழமை நீ வர வேணாம்."

திஹோமிருக்கு முப்பத்தெட்டு வயசு. இதுக்கு முன்னாடி வேலை பார்த்த ரெண்டு கடையும் மூடிப்போச்சு. இந்த ஊர்ல இந்த மாதிரி வேற கடை கிடையாது.

மதியம் ஒரு மணிக்கு தெசான்கா மாடி ஏறி வந்தாங்க.

தெசான்கா எங்க பில்டிங்ல மூணாவது மாடி, ஒப்ராத் வீட்டுக்கு நேர் கீழ. போலீஸ்ல திருட்டு கேஸ் பாக்கிற இன்ஸ்பெக்டர். ரெண்டு ராத்திரி டூட்டி முடிச்சு வந்த முகம், தண்ணில ஊறின பேப்பர் மாதிரி இருந்துச்சு. வாசல்ல கிண்ணத்துல வச்சிருந்த வேகவச்ச கோதுமைல ஒரு ஸ்பூன் எடுத்து வாயில போட்டு, சிலுவை போட்டுக்கிட்டு, முதல்ல கண்ணுல பட்ட நாற்காலில விழுந்தாங்க.

"என்ன தெசான்கா, திருடனைப் புடிச்சியா, திருடன் உன்னைப் புடிச்சானா?"ன்னாரு ஒப்ராத், கிளாஸ்ல பழ பிராந்தி ஊத்திக்கிட்டே.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. நேத்து மதியம் கொஞ்சம் கண்ணசரலாம்னு படுத்தேன். மேல வாக்வம் கிளீனர் ஓடுது, கூடவே பாட்டு. பாட்டா அது? தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. சத்தத்தைக் குறைங்கன்னு ஹீட்டர் பைப்பைக் கரண்டியால தட்டித் தட்டி கைதான் வலிச்சுது."

"நேத்து மதியமா? இங்க ஆளே இல்லியே. நான் டிப்போல. பையன் பெல்கிரேட்லேர்ந்து பஸ்ல வந்துக்கிட்டிருந்தான். பெர்சிதா முடி பண்ணிக்கப் போயிட்டா. இல்லியா பெர்சிதா?"

அவர் பொண்டாட்டி பெர்சிதா சமையல்கட்டு வாசல்ல நின்னாங்க. சுருள் சுருளா முடி பண்ணியிருந்தாங்க. கையை முடிக்குக் கொண்டுபோய், "ஆமா. பார்லர்"ன்னாங்க.

"அப்ப அஞ்சாவது மாடிக்காரன்தான். அவனுக்கு காதும் இல்ல, வெக்கமும் இல்ல"ன்னு ஒப்ராத் முடிச்சுட்டாரு.

ரூம் புழுங்குது. ஹீட்டர் எரியுது, மெழுகுவத்தி எரியுது, பத்துப் பதினஞ்சு பேர் மூச்சு விடறாங்க. ஜன்னலைத் திறக்க யாருக்கும் தைரியம் இல்ல. குறுக்கால காத்து அடிச்சா கழுத்து புடிச்சுக்கும்னு டாக்டருக்குப் படிச்சவங்களே நம்பற ஊரு இது. தெசான்கா கண்ணைத் தொறந்து வைக்கறதுக்காக ரூமைச் சுத்திப் பார்த்தாங்க. எங்க பார்த்தாலும் பெர்சிதா பின்னின வெள்ளைத் துணி. டிவி மேல ஒண்ணு, ஃபிரிட்ஜ் மேல ஒண்ணு, நாற்காலி கைப்பிடில கூட. எல்லாம் கஞ்சி போட்டு, தேய்ச்சு, தட்டினா டொக்குன்னு சத்தம் வர்ற அளவுக்கு விறைப்பா இருக்கு. மேஜை நடுவுல விழா மெழுகுவத்தி. அதுக்கடியிலயும் ஒரு துணி, அதுல மட்டும் ஓரத்துல பழுப்பா சில கோடு.

ரிசீவர் மேல மட்டும் துணி இல்ல.

"அதுக்கு ஏண்ணே சட்டை போடல?"ன்னு கேட்டாங்க தெசான்கா, சும்மா பேச்சுக்கு.

"அந்தக் கடைக்காரன் சொன்னான், துணி போட்டா அதுக்கு மூச்சு முட்டும்னு. அவன் சொன்னதுலேர்ந்து இவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. இவ யாரு, இருபது வருஷம் ரேடியோ ஃபேக்டரில சால்டரிங் பண்ணவ. ஃபேக்டரியை மூடினாங்க, கை சும்மா இருக்குமா? வீட்டுல அசையாம இருக்கிற எல்லாத்துக்கும் சட்டை பின்னிட்டா. நானும் ரொம்ப நேரம் அசையாம உக்கார்றதில்ல, பயமா இருக்கு."

எல்லாரும் சிரிச்சாங்க. அப்ப வாசல்ல பெல் அடிச்சுது.

திஹோமிர் நின்னாரு. கைல ஒரு ஒயின் பாட்டில், தோள்ல டூல்ஸ் பை. சிரிப்பு நின்னுபோச்சு.

ஒப்ராத் கழுத்து செவந்துச்சு. ஆனா ஸ்லாவா. வந்தவனை வெளிய போன்னு சொல்ல முடியாது. "வா"ன்னாரு, பல்லைக் கடிச்சுக்கிட்டு. "சாப்பிடு. குடி. திங்கக்கிழமை உன்னைப் பார்த்துக்கறேன்."

"சார், திங்கக்கிழமை பார்க்க நான் அந்தக் கடைல இருக்க மாட்டேன்"ன்னாரு திஹோமிர். "அஞ்சே நிமிஷம் அந்த ஸ்பீக்கரைப் பார்க்கணும். உங்க மேஜைக்கு வந்த விருந்தாளியா கேக்கறேன்."

ஒப்ராத் தெசான்காவைப் பார்த்தாரு. "நீ போலீஸ்தானே, சொல்லு. இது நியாயமா?"

தெசான்காவுக்கு வீட்டுக்குப் போய் செருப்பைக் கழட்டாமலே படுக்கணும்னு இருந்துச்சு. ஆனா மீன் சூப் இன்னும் வரல. திஹோமிர் பை வாரைப் புடிச்சிருந்த கையைப் பார்த்தாங்க, விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போயிருந்துச்சு. பெருமூச்சு விட்டாங்க.

"சூப் வர்றதுக்குள்ள முடிச்சிடலாம். தம்பி, பாருங்க."

திஹோமிர் ஸ்பீக்கர் முன்னாடி மண்டி போட்டு, முகத்துணியைக் கழட்டினாரு. கீழ ரெண்டு பெரிய வட்டம், தும் தும் அடியைக் குடுக்கிற வூஃபர். மேல காசு அளவுல ஒரு குட்டி வட்டம், ட்ரம்பெட் மாதிரி மேல் சத்தமெல்லாம் வர்ற ட்வீட்டர். பெரிய வட்டத்தை ரெண்டு கட்டை விரலால மெதுவா உள்ள தள்ளினாரு. போய் வந்துச்சு, ஒரு உரசல் இல்ல. இன்னொரு ஸ்பீக்கரும் அதே மாதிரி. அப்புறம் குட்டி வட்டத்துல மீட்டர் கம்பியை வச்சாரு. முள் அசையல. இன்னொண்ணுலயும் அசையல.

"ரெண்டு ட்வீட்டரும் கருகிப்போச்சு. வூஃபர் நாலும் புதுசு மாதிரி இருக்கு"ன்னாரு.

"அதைத்தான் நானும் சொல்றேன்! உன் ரிசீவர் கருக்கிடுச்சு."

"இல்ல சார். பெரிய ரிசீவர் மிஞ்சிப்போய் அடிச்சா முதல் அடி கீழ பெரியவனுக்கு விழும். தள்ளினா கரகரன்னு உரசும். பெரியவனை விட்டுட்டு சின்னவன் மட்டும் செத்திருக்கான்னா, இதைக் கொன்னது சக்தி கம்மியான ஒரு மெஷின்."

ரூம்ல எல்லாரும் ஒரே நேரத்துல பேசினாங்க. ஒப்ராத் குரல்தான் மேல கேட்டுச்சு. "கேட்டீங்களா, பலசாலி அடிச்சா சாக மாட்டானாம், நோஞ்சான் அடிச்சா செத்துடுவானாம்!"

திஹோமிர் வேர்வையைத் துடைச்சுக்கிட்டாரு. "சார், உங்க பஸ்ஸுலயே சொல்றேன். பெரிய இன்ஜின் பஸ் இருக்கு. அது எப்பவும் முழு வேகத்துலயா போகுது?"

"மெதுவாவும் போகும். வேணுங்கிற அளவுதான் எடுக்கும்."

"இந்த ரிசீவரும் அப்படித்தான். நூத்தம்பதுன்னா, எப்பவும் நூத்தம்பதைக் கொட்டாது. கேக்கிற சத்தத்துக்கு வேணுங்கிறதைக் குடுத்துட்டு மீதியைக் கைல வச்சிருக்கும். இப்ப ஒரு மினிபஸ்ல அறுபது பேரை ஏத்தி மேட்டுல விடுங்க. டிரைவர் ஆக்சிலரேட்டரைத் தரையோட மிதிக்கிறான். என்ன ஆகும்?"

"கிளட்ச் கருகும்"ன்னாரு ஒப்ராத்.

"அதேதான். இந்த ஸ்பீக்கருக்குப் பசி ஜாஸ்தி. சின்ன மெஷினால இதை இழுக்க முடியாது. சத்தம் பத்தலன்னு திருகிக்கிட்டே போனா, ஒரு இடத்துல பாட்டோட அலை தலையும் காலும் வெட்டுப்பட்டு வரும். காதுக்கு கிழிஞ்ச சத்தமா கேக்கும். அந்தக் கிழிசல் சூடு முழுக்க ட்வீட்டர் தலைலதான் இறங்கும்."

தெசான்கா நிமிர்ந்து உக்காந்தாங்க. பிராந்தி கிளாஸைக் கீழ வச்சாங்க.

"இவன் வேலையைக் காப்பாத்திக்க இவன் சொல்றான். இந்த வீட்டுல வேற மெஷின் எங்க இருக்கு?"ன்னாரு ஒப்ராத்.

"எப்பக் கடைசியா நல்லா கேட்டுச்சு, அண்ணே?"

"நேத்து காலைல. இவனே வந்து எல்லாம் சரி பார்த்துட்டுப் போனான். ட்ரம்பெட் கண்ணாடி மாதிரி கேட்டுச்சு. நான் அணைச்சேன், ரிமோட்டைப் பாக்கெட்டுல போட்டேன், இவனோடவே கீழ இறங்கி டிப்போ போனேன்."

"ராத்திரி?"

"ராத்திரி போடல. மீன் கழுவினேன்."

தெசான்கா பையன் பக்கம் திரும்பினாங்க. நேனாத், பத்தொம்பது வயசு, சோபா மூலைல போனைப் பார்த்துக்கிட்டிருந்தான்.

"நேனாத், உன் போன்லேர்ந்து இதை ஆன் பண்ண முடியும்தானே?"

அவன் காது செவந்துச்சு. "வீட்டுல இருந்தா முடியும் அத்தை. போன வாரம் வந்தப்ப, அப்பா இல்லாதப்ப, கொஞ்சம் சத்தமா வச்சேன்."

"டேய்!"

"அதுக்கப்புறம் நல்லாத்தான்பா இருந்துச்சு! நேத்து காலைல நீயே கேட்டல்ல? நான் நேத்து சாயங்காலம்தான் வந்தேன். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து நீதானே கூட்டிட்டு வந்த?"

ஒப்ராத் தலையாட்டினாரு, மனசில்லாம.

"அப்ப நேத்து காலைக்கும் இன்னைக்கு காலைக்கும் நடுவுல"ன்னாங்க தெசான்கா. "பழைய செட்டு ஒண்ணு இருந்துச்சே, அண்ணே? போன வருஷ ஸ்லாவாவுல அதுலதான் பாடுச்சு."

"அதா? பால்கனி அலமாரில, மிளகா ஊறுகா பாட்டிலுக்குப் பின்னாடி கிடக்கு. அதைத் தொட்டு மாசக்கணக்கு ஆச்சு. குப்பை."

"நேனாத், எடுத்துட்டு வா."

பெர்சிதா சமையல்கட்டுக்குள்ள போயிட்டாங்க. சூப் பாத்திரத்தோட மூடி டங்குன்னு விழற சத்தம் கேட்டுச்சு.

நேனாத் தூக்கிட்டு வந்தான். ஸ்பீக்கரைப் பாட வைக்கிற சின்ன ஆம்ப் பெட்டி, ரொட்டிப் பெட்டி அளவு, முன்னாடி ரெண்டே திருகு. மாசக்கணக்கா அலமாரில கிடந்ததுன்னு சொன்னாரே, பக்கமெல்லாம் விரல் ஆழத்துக்கு தூசி. மேல் மூடி மட்டும் சுத்தமா இருந்துச்சு. மூடி நடுவுல, சூடு வெளிய போறதுக்கு நீளநீளமா சின்னக் கீறல் வரிசை. தெசான்கா அதை வாங்கி, மேஜை நடுவுல, மெழுகுவத்திக்குப் பக்கத்துல வச்சாங்க.

"மெழுகுவத்தியை யாரும் நகத்த வேணாம். அது எரியட்டும். துணியை மட்டும் பாருங்க."

எல்லாரும் குனிஞ்சாங்க. துணில இருந்த பழுப்புக் கோடும் ஆம்ப் மூடில இருந்த கீறலும் ஒரே அளவு, ஒரே இடைவெளி, ஒரே எண்ணிக்கை. துணியைத் தூக்கி ஆம்ப் மேல போட வேண்டிய அவசியமே இல்ல.

"காபி கறை இல்ல, மெழுகும் இல்ல"ன்னாங்க தெசான்கா. குரல்ல பெருமை எதுவும் இல்ல, வெறும் அசதி. "உள்ள கிடந்த பழைய தூசி, கொதிக்கிற காத்தோட மேல வந்து படிஞ்சிருக்கு. அந்தப் பெரிய ரிசீவர் மூடியைப் பாருங்க, தேன்கூடு மாதிரி குட்டிக் குட்டி ஓட்டை. அது இந்தக் கோட்டைப் போட முடியாது. இது போன வருஷத்துக் கறையாவும் இருக்க முடியாது. ஸ்லாவாவுக்கு முன்னாடி இந்த வீட்டுல துவைச்சு கஞ்சி போடாத துணி ஒண்ணு இருக்குமா? முந்தாநாள் கொடில எல்லாத்தையும் நானே பார்த்தேன், பால் மாதிரி. அதனால நேத்து இந்த ஆம்ப் ஓடியிருக்கு. இந்தத் துணி அது மேல இருந்திருக்கு. நான் கேட்ட கிழிஞ்ச தகரம் அஞ்சாவது மாடி இல்ல. இந்த ரூம்."

"யாரு?"ன்னாரு ஒப்ராத்.

"திருட்டு கேஸ்ல நான் முதல்ல பாக்கறது, வந்தவன் எதை எடுத்தான்னு இல்ல. எதைப் பழக்கத்துல பண்ணான்னுதான். இந்தத் தம்பி மெஷின் மேல துணி போடாதேன்னு சொல்றவர். உங்க பையன் தன் படுக்கை மேலயே துணி விரிக்காதவன். நீங்க? ரிமோட் உங்க பாக்கெட்டுல. நீங்க பழைய ஆம்பை நோண்ட வேண்டியதே இல்ல. அந்த ரிமோட் யார்கிட்ட இல்லியோ, அவங்களுக்குத்தான் அலமாரியைத் திறக்க வேண்டி வரும். ஒயரைக் கழட்டி மாட்டத் தெரிஞ்சவங்க. மாட்டி முடிச்சதும், ஆன் பண்றதுக்கு முன்னாடி, யோசிக்காமலே அது மேல ஒரு துணியை விரிக்கிறவங்க."

யாரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பல. திரும்ப வேண்டியும் வரல. பெர்சிதா சூப் பாத்திரத்தோட வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தாங்க.

"பெர்சிதா அக்கா, மன்னிச்சுக்கோங்க"ன்னாங்க தெசான்கா. "நான் பைப்பைத் தட்டினது உங்களைத்தான்."

"கேட்டுச்சு"ன்னாங்க பெர்சிதா. "வாக்வம் கிளீனர் ஓடுச்சா, பாட்டு கேக்கல. திருகினேன். இன்னும் கேக்கல. முழுசா திருகிட்டேன். என்னமோ கருகற வாசனை வந்துச்சு, அடுப்புல வச்சது தீயுதுன்னு நினைச்சு ஓடினேன். திரும்பி வந்தா பாதிப் பாட்டுதான் வருது. எல்லாத்தையும் பழையபடி மாட்டி, கறை மறையட்டும்னு துணியை மெழுகுவத்திக்கு அடியில விரிச்சுட்டு அப்புறம் பார்லர் போனேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே!"ன்னாரு ஒப்ராத்.

"விழா முடியட்டும், வீட்டுல நாலு பேர் இருக்கிறப்ப சண்டை வேணாம்னு நினைச்சேன். நீ காலைல கடைக்கு போன் போடுவேன்னு தெரியாது." அவங்க பாத்திரத்தை மேஜைல வச்சுட்டு திஹோமிரைப் பார்த்தாங்க. "போட்டப்புறமும் நான் வாயைத் திறக்கல. அது தப்பு, தம்பி. உன் வயித்துல அடிச்சுட்டு இங்க மீனுக்கு உப்பு போட்டுக்கிட்டிருந்தேன்."

திஹோமிர் பை ஜிப்பை இழுத்தாரு.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே போட்டு விட்டிருப்பேன்ல, பெர்சிதா?"ன்னாரு ஒப்ராத்.

"கேக்கறதா? ஃபேக்டரில ஒரு நாளைக்கு எத்தனை ரேடியோ என் கையால பேச ஆரம்பிச்சுது தெரியுமா ஒப்ராத்? மூணு வாரமா என் வீட்டுல ஒரு பாட்டு கேக்கணும்னா நீ டிப்போலேர்ந்து வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வந்தா உனக்கு ட்ரம்பெட்."

ஒப்ராத் நின்னாரு. உக்காரக் கூடாதே, அதனால நின்னாரு. தன் சட்டைப் பாக்கெட்டையே பார்த்தாரு. அப்புறம் போனை எடுத்தாரு.

"ஹலோ. ஒப்ராத் பேசறேன். ஆமா, காலைல கத்தினவன்தான். உங்க ஆளு பொருத்திக் குடுத்தது சரிதான். தப்பு என் வீட்டோடது. இல்லங்க, சரியா சொல்லணும்னா என்னோடது. திங்கக்கிழமை அவனை அனுப்புங்க, ட்வீட்டர் ரெண்டு மாத்தணும்." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் கேட்டாரு. "இப்ப அவன் வர மாட்டான். சாப்பிடறான்."

போனை வச்சுட்டு திஹோமிர் தட்டுல பெரிய மீன் துண்டா ஒண்ணைப் போட்டாரு. அப்புறம் ரிமோட்டை எடுத்து மேஜைல, கறை பட்ட துணி மேல, மெழுகுவத்திக்குப் பக்கத்துல வச்சாரு. வச்சுட்டு அது பக்கமே திரும்பாம ரொட்டி வெட்டப் போயிட்டாரு.

பெர்சிதா கையை இடுப்புல கட்டியிருந்த சமையல் துணில துடைச்சாங்க. ரிமோட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாங்க.

"குட்டி ஸ்பீக்கர் ரெண்டும் செத்துடுச்சு அக்கா. அடிப்பாகம் மட்டும்தான் வரும்"ன்னாரு திஹோமிர்.

"வரட்டும்."

அவங்க ஒரு மெதுவான பாட்டைத் தேடிப் போட்டாங்க. அடி மட்டும் வந்துச்சு, ஆழமா, தரை வழியா, நாற்காலிக் கால் வழியா. மேல் பாகம் இல்ல. பெர்சிதா ரெண்டு வரி கேட்டாங்க. மூணாவது வரில, காணாமப் போன பாகத்தை அவங்களே பாட ஆரம்பிச்சாங்க, சின்னக் குரல்ல, பாத்திரம் கழுவும்போது பாடற மாதிரி. மேஜை ஓரத்துல ஒருத்தர் சேர்ந்துக்கிட்டாரு, அப்புறம் நேனாத். ஒப்ராத் ரொட்டிக் கத்தியோட நின்னு கேட்டாரு.

அவர் சூப்பை எடுத்துக்கிட்டு முதல் தட்டு தெசான்காவுக்குன்னு போனாரு. தெசான்கா நாற்காலில தலையைச் சாய்ச்சு, வாயைத் திறந்து, நல்லா தூங்கிக்கிட்டிருந்தாங்க.

"சத்தத்தைக் குறைக்கவா?"ன்னு பெர்சிதா பாட்டு நடுவுல கண்ணாலயே கேட்டாங்க.

ஒப்ராத் வேணாம்னு தலையாட்டிட்டு, டிவி மேல இருந்த துணியை எடுத்து தெசான்கா தோள் மேல போத்தி விட்டாரு.